ஜியாலஜி என்றால் நிலக்கரி மட்டும்தானா?

பி.எஸ்சி. முடிக்கும் மகள் எம்.எஸ்சி.யிலும் ஜியாலஜியே எடுக்கிறேன் என்கிறாள், "நிலக்கரிக்கே எதிர்காலம் இல்லை, இதில் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். ஏனென்றால் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, அதாவது ஜி.எஸ்.ஐ., 1851-இல் பிறந்ததே நிலக்கரி தேடத்தான். ரயிலுக்கு எரிபொருள் வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஆட்கள் நிலக்கரியோடு நிற்கவில்லை. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இத்துறை ஊழியர். 1897 அசாம் நிலநடுக்கத்தை அலசி ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாமும் அப்படியே.

இனி வேலை எங்கே என்றால், மலைச்சரிவில். எந்தச் சரிவு எவ்வளவு எளிதில் சரியும் என்று வரைபடம் போடுவது, மழைக்கு முன் எச்சரிக்கை தருவது எல்லாம் இத்துறை கையில். 2024-இல் கொல்கத்தாவில் இதற்கென்றே தேசிய முன்னறிவிப்பு மையம் தொடங்கினார்கள்; நீலகிரியும் அதன் பார்வையில் உண்டு. இன்னொரு பக்கம் லித்தியம், அரிய மண் தனிமங்கள். பேட்டரிக்கும் காற்றாலைக்கும் இவை வேண்டும். நிலக்கரி குறையக் குறைய இந்தத் தேடல் கூடும் என்பது என் கணிப்பு.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஜி.எஸ்.ஐ.க்குள் நுழையும் வாசல் குறுகல். யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைண்ட் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வில் 2023-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 285 இடங்கள் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு 56தான். இதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார விடாதீர்கள். பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வையும் சேர்த்தே எழுதட்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுப்பது இதே யு.பி.எஸ்.சி. தேர்வில்தான். முதல்நிலைத் தேர்வின் 400 மதிப்பெண்ணில் 300 ஜியாலஜிக்குப் போகிறது, அதனால் பாடத்தில் கெட்டியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பொது அறிவுக்குத் தனி கோச்சிங் எல்லாம் அவசியமில்லை.

அப்புறம் ஃபீல்டு. மழை ஓய்ந்தபின் மாதக்கணக்கில் கேம்ப் இருக்கும். சுத்தியல், லென்ஸ், காம்பஸோடு பாறை பாறையாக ஏறி, சாய்வு அளந்து, மாதிரி உடைத்துப் பையில் எண்ணிட்டுக் கட்ட வேண்டும். கல்லூரியின் ஃபீல்டு பயணம் போய் வந்தபோது முகம் எப்படி இருந்தது என்று கவனித்தீர்களா? அலுத்துக்கொண்டு வந்திருந்தால் யோசியுங்கள், இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம், அறிவிப்பு வழக்கமாகச் செப்டம்பரில் வரும்.