கேள்வி-பதில்: காதால் படிக்கும் கதைக்குக் காசு கொடுக்குமுன்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஆடியோ புத்தகங்களைப் பற்றியவை. ஆண்களுக்கு இடையிலான காதல் கதைகள், அப்புறம் ஃபேன்டஸி என்கிற மாயாஜாலக் கதைகள். இரண்டையும் நானே விடாமல் கேட்கிறவன் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தினமும் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். நாலரை நட்சத்திரம் போட்டிருந்த ஒரு கே காதல் கதையை வாங்கினேன். அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. எந்த வசனத்தை யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. எதைப் பார்த்து வாங்குவது? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: நட்சத்திரம் பெரும்பாலும் கதைக்குப் போடுவது. நீங்கள் காசு கொடுத்தது கதைக்கு மட்டுமில்லை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உங்கள் காதில் இருக்கப்போகிற ஒரு குரலுக்கும் சேர்த்துத்தான்.

இந்த வகைக் கதைகளில் குரல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் உள்ள ஆண்-பெண் காதல் கதையில் ‘ஹி’, ‘ஷி’ என்ற ஒரு சொல்லே யார் என்று காட்டிவிடும். இரண்டு பேரும் ஆண்கள் என்றால் எல்லாமே ‘ஹி’தான், ‘ஹிம்’தான். தாளில் படித்தால் கண் இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. அந்த வேலையை வாசிக்கிறவர்தான் செய்ய வேண்டும். நல்ல வாசிப்பாளர் அதற்காகக் குரலைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஒருவன் வாக்கியத்தை முடிக்க அவசரப்படுவான், இன்னொருவன் பதில் சொல்லுமுன் மூச்சு இழுப்பான். அது போதும், இருட்டில்கூட ஆளை அடையாளம் தெரியும்.

மோசமான வாசிப்பு எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவனுக்குக் கட்டைக் குரல், மற்றவனுக்கு இழுத்து நெளிக்கிற ஒரு மெல்லிய குரல். நம் சினிமாவில் சிரிப்புக்காகப் பல வருடம் செய்த அதே கேலிக் குரல். அது காதில் விழுந்த இடத்திலேயே நான் நிறுத்திவிடுவேன். தன்னைப் போன்ற ஒருவனின் கதையைக் கேட்க வந்தவனுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, வாங்குமுன் என்ன செய்வது? ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களுக்கும் சில நிமிட சாம்பிள் இலவசம். அதை வீட்டு அமைதியில் கேட்காதீர்கள், பஸ்ஸில் கேளுங்கள். நாகர்கோவிலில் ஏறி பார்வதிபுரத்தில் போட்டால் சுங்கான்கடை வருவதற்குள் முடிந்துவிடும். நான் ஒருமுறை வீட்டில் கேட்டு மயங்கி ஒன்றை வாங்கினேன். கதையின் முக்கியமான இடத்தில் ஒருவன் தன் மனதை மற்றவனிடம் கிசுகிசுப்பாகச் சொல்கிறான். எங்கள் பஸ் அப்போது தோட்டியோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு முறை பின்னால் தள்ளிக் கேட்டும் அந்த வரி பிடிபடவில்லை. சத்தத்துக்கு நடுவே கேட்கிறவர்களுக்கு ஏற்ற இறக்கம் அதிகமுள்ள வாசிப்பு ஒத்துவராது.

சாம்பிள் பெரும்பாலும் கதையின் தொடக்கமாக இருக்கும். அதில் வெறும் வர்ணனை மட்டும் வந்தால், அதே வாசிப்பாளர் படித்த வேறு புத்தகத்தின் சாம்பிளில் வசனம் தேடிக் கேளுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு வழி, ‘நான்’ என்று ஒருவனே சொல்லும் கதை. மேடலின் மில்லர் 2011-ல் எழுதிய ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ அப்படிப்பட்டது. கிரேக்கப் புராண வீரன் அக்கிலீஸின் காதலன் பட்ரோக்ளஸ் தன் வாயால் சொல்வதால் ‘ஹி’ குழப்பம் பெரும்பாலும் வராது. ஃப்ரேசர் டக்ளஸ் வாசிப்பு, சுமார் 11 மணி நேரம். அழுகை வேண்டாம், மனசு லேசாக வேண்டும் என்றால் டி.ஜே. க்ளூனின் ‘தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ’. மாயசக்தி உள்ள குழந்தைகளின் காப்பகத்தை ஆய்வு செய்யப் போகிற ஓர் அலுவலரின் கதை. டேனியல் ஹென்னிங் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குரல் கொடுத்திருக்கிறார். காதல் மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆழ்கடல் போட்டில் போகிறவன். ஒரு மாதத்துக்கு மேல் நெட் கிடையாது. ஃபேன்டஸி பிடிக்கும். சந்தா கட்டினால் கடலில் கேட்க முடியுமா? எது லாபம்? (தூத்தூர் வாசகர்)

பதில்: இரண்டு வகை வியாபாரம் இருக்கிறது. ஒன்றில் மாதச் சந்தாவுக்கு ஒரு கிரெடிட் தருவார்கள், அதைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்குகிறீர்கள். சந்தாவை நிறுத்தினாலும் வாங்கியது உங்கள் கணக்கில் இருக்கும். இன்னொன்றில் சந்தா இருக்கும்வரை எதையும் கேட்கலாம், அது வாடகை. வாடகைப் புத்தகத்தை டவுன்லோடு செய்து வைத்திருந்தாலும், சந்தா உயிரோடு இருக்கிறதா என்று ஆப் அவ்வப்போது நெட்டில் சரிபார்க்கப் பார்க்கலாம். நடுக்கடலில் அது பூட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு வாங்குகிற வகைதான் நல்லது. எதுவானாலும் கரையில் இருக்கும்போதே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஆப்பை மூடித் திறந்து, நடுவிலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

லாபக் கணக்கு எளிது. சந்தா 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரக் காதல் கதை என்றால் மணிக்கு 25 ரூபாய், 40 மணி நேர ஃபேன்டஸி என்றால் 5 ரூபாய். கிரெடிட் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே கிரெடிட்டைத் தடித்த புத்தகத்துக்கு வையுங்கள், சின்னதைத் தள்ளுபடியில் காசு கொடுத்து வாங்குங்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பி அளவு பிடிக்கும். 40 மணி நேரம் என்றால் சுமார் 1.2 ஜிபி, போனில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடர் கதை என்றால் எல்லாப் பாகங்களுக்கும் ஒரே வாசிப்பாளரா என்று முதலிலேயே பாருங்கள். மூன்றாம் பாகத்தில் ஆள் மாறி, அதுவரை நமக்குள் வாழ்ந்த ஒருவன் வேறு குரலில் பேசும்போது ஏற்படும் ஏமாற்றம் சாதாரணமில்லை. வாசிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘விர்ச்சுவல் வாய்ஸ்’ என்று இருந்தால் அது கம்ப்யூட்டர் குரல். காதல் கதைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட். நான் கே என்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இந்தக் கதைகளை வாங்கினால் தெரிந்துவிடுமா? (கருங்கல் வாசகர்)

பதில்: ஒரே அக்கவுண்ட் என்றால் தெரியும். வாங்கியதற்கான ரசீது அந்த மெயிலுக்குப் போகும், லைப்ரரியில் அட்டைப்படம் நிற்கும், வீட்டில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் அதே கணக்கில் இருந்தால் அதிலிருந்தும் கேட்கலாம். உங்களுக்கென்று தனி மெயில், தனி அக்கவுண்ட் தொடங்குங்கள். பேங்க் எஸ்எம்எஸ்ஸில் பொதுவாக நிறுவனத்தின் பெயர்தான் வரும், புத்தகத்தின் பெயர் வராது.

பலர் மறப்பது இரண்டு இடங்கள். கதை ஓடும்போது போனின் லாக் ஸ்கிரீனில் அட்டைப்படமும் தலைப்பும் தெரியும். செட்டிங்கில் லாக் ஸ்கிரீன் அறிவிப்புகளை மறைத்துவிடுங்கள். அடுத்தது வீட்டுக் கார். போன் புளூடூத்தில் தானாக இணைந்து, திரையில் தலைப்பைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து வாசிக்கவும் தொடங்கிவிடலாம். அந்த இணைப்பை நீக்கிவிடுங்கள்.

இதில் சட்டத்துக்கு எதிராக எதுவும் இல்லை. தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. வீட்டில் எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதெல்லாம் உங்கள் முடிவு. அதுவரை ராத்திரி ஹெட்செட் போட்டுக்கொண்டு ஒரு நல்ல கதை கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கேள்வி: ‘30 நாள் இலவசம்’ என்று சேர்ந்தேன். ஆப்பை அழித்துவிட்டேன். இருந்தும் மாதாமாதம் பணம் போகிறது. (குலசேகரம் வாசகர்)

பதில்: ஆப்பை அழிப்பதால் சந்தா நிற்காது. எனக்கும் ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. ரத்து செய்கிற பட்டனைக் கண்டுபிடிக்கவே நான்கு பக்கம் தாண்ட வேண்டியிருந்தது. முதலில் அவர்களின் இணையதளத்தில் நுழைந்து ரத்து செய்யுங்கள். கிரெடிட் மிச்சமிருந்தால் அதற்குமுன் புத்தகமாக மாற்றிவிடுங்கள், ரத்து செய்தபின் பெரும்பாலும் கிடைக்காது. அடுத்து உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியையும் நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும். பழைய மெசேஜ்களைத் தேடிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் எடுத்தால் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ம் வருட மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சேர்வதை எளிதாக்கி, விலகுவதைச் சிரமமாக்கும் சந்தாப் பொறியை மத்திய அரசின் 2023 வழிகாட்டுதல்கள் முறையற்ற வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். கடைசி வழி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை.

கேள்வி: டெலிகிராமில் 300 ரூபாய்க்கு ஆயிரம் புத்தகம் தருகிறார்கள், வாங்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: வேண்டாம். அது திருட்டுப் பிரதி. எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு பைசா போகாது. காசு இல்லை என்றால் 2005 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்கள் இலவசமாக உண்டு. புதிய கே காதல் கதைகள் அங்கே கிடைக்காது.

கேள்வி: விடியற்காலை ரப்பர் பால் வெட்டும்போது ஒரு காதில் ஹெட்செட் வைத்துக் கதை கேட்பேன். ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. தமிழில் இப்படிக் கதைகள் இல்லையா? (அருமனை வாசகர்)

பதில்: நான் தேடியவரை மிகக் குறைவு. ‘தன்பாலீர்ப்பு’, ‘பால்புதுமை’ என்ற சொற்களைப் போட்டுத் தமிழ்ப் பிரிவில் தேடுங்கள், கிடைப்பதை சாம்பிள் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். வேகத்தை 0.8-க்குக் குறைத்தால் பல வாசிப்புகள் பிடிபடும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. விளவங்கோட்டுப் பேச்சில், ‘எனக்க மக்கா’ என்று ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடுகிற ஒரு காதல் கதையை நம் ஊர்க் குரலிலேயே கேட்க வேண்டும். நீங்கள் கேட்கும் ஆப்பில் ‘புத்தகம் பரிந்துரைக்க’ என்ற இடமோ, ஆதரவுக்கான மெயிலோ இருக்கும். என்ன வேண்டும் என்று தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இந்த மாதம் மறுபடியும் எழுதுகிறேன்.