அந்த நான்கு பேர் எப்படி வந்தார்கள்?

கேள்வி:

14 வருடம் ஹெச்.ஆர். வேலையில் இருந்தேன். அதை விட்டுவிட்டு முறையாகப் பயிற்சி எடுத்து, சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப்பின் ஏசிசி சான்றிதழும் வாங்கி, வேலையிலும் வாழ்க்கையிலும் அடுத்த அடி எடுக்க வழிகாட்டும் கோச்சிங் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இன்ஸ்டாகிராமில் தினமும் ஒரு போஸ்ட் போடுகிறேன். தன்னம்பிக்கை, நல்ல பழக்கங்கள், இலக்கு என்று எழுதுகிறேன். 2,300 ஃபாலோயர்கள். லைக் வருகிறது, 'அருமை' என்று கமென்ட் வருகிறது, கிளையன்ட் வரவில்லை. இதுவரை வந்தது நான்கே பேர்; நால்வரும் தெரிந்தவர்கள் சொல்லி வந்தவர்கள். அதில் மூன்று பேர் குழந்தைக்காக வேலையை விட்டு, மறுபடி வேலைக்குப் போக நினைத்த பெண்கள். சில போஸ்ட்டுகளை பூஸ்ட் செய்து, அதாவது காசு கட்டி அதிகம் பேருக்குக் காட்டவைத்துப் பார்த்தேன், பணம் போனதுதான் மிச்சம். 'மனச்சோர்வில் தவிக்கிறீர்களா?' என்று ஆரம்பிக்கும் ஒரு விளம்பரத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். ஆன்லைனில் கிளையன்ட்டுகளைக் குவிக்கக் கற்றுத்தருகிறேன் என்று ஒருவர் விடாமல் அழைக்கிறார்; கட்டணம் என் சேமிப்பில் பாதி. சேரலாமா? இல்லை, வேலைக்கே திரும்பிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழி,

அந்த வகுப்பில் இப்போது சேராதீர்கள். வேலைக்குத் திரும்புவது பற்றியும் இந்த மாதம் முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கிறது. நீங்கள்தான் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள்.

'நான்கே பேர்' என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, அவர்களில் மூன்று பேர் ஒரே சிக்கலோடு வந்தவர்கள் என்கிறீர்கள். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. 14 வருடம் ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். இடைவெளி விழுந்த ஒரு ரெஸ்யூமைப் பார்க்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனதில் என்ன ஓடும் என்பது உங்களுக்கு அத்துப்படி. உங்கள் நண்பர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் தங்களுக்குத் தெரிந்தவர் இந்தச் சிக்கலைச் சொன்னதும் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை. தன்னம்பிக்கை பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். படிப்பவர் தலையாட்டிவிட்டு, லைக் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுவார். 'இது எனக்காக எழுதியது' என்று தோன்றினால்தான் மனிதர்கள் நின்று படிப்பார்கள்.

ஆகவே, கொஞ்ச நாளைக்காவது, வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்களுக்கான கோச் என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். 'மற்றவர்கள் வரமாட்டார்களே' என்ற பயம் வரும். எனக்கும் வந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் என் பக்கத்தில் 'எல்லோருக்கும்' என்றுதான் போட்டிருந்தேன். புதிதாக மேலாளர் ஆனவர்களுக்கு என்று மாற்றிய பிறகுதான் முன்பின் தெரியாதவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மேலாளர் ஆகாதவர்களும் வந்தார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்பவரிடம் மற்றதையும் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

முதலில் புரொஃபைல் வரியை மாற்றுங்கள். இந்தப் பெண்கள் வேலை தேடிப் போகிற இடம் லிங்க்ட்இன். இன்ஸ்டாகிராமை மூட வேண்டாம். ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை லிங்க்ட்இன்னுக்குக் கொடுங்கள். அங்கே பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. நம்மில் பலர் அதை 'சான்றிதழ் பெற்ற கோச், பேச்சாளர், மாற்றத்தின் தோழி' என்று நிரப்பிவிடுகிறோம். படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'சில வருடம் வேலையை விட்டிருந்து மறுபடி போக நினைக்கிறீர்களா? ரெஸ்யூமிலிருந்து முதல் மாதச் சம்பளம் வரை கூட இருந்து வழிகாட்டுகிறேன். 14 வருடம் ஹெச்.ஆர். அனுபவம்.' உங்கள் ஏசிசியை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர கோச்சிங் அனுபவம் என்று உழைத்து வாங்கியது அது. நிறுவனங்களோடு பேசும்போது அவர்களே கேட்பார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அந்த மூன்று எழுத்தைவிட உங்கள் 14 வருடம் பெரிது. அதனால் சான்றிதழ் கீழே இருக்கட்டும்.

அடுத்தது, என்ன எழுதுவது. தினமும் எழுத வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் கையில் அன்றைக்கே பயன்பட வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு லிங்க்ட்இன், வேலை அனுபவம் போடும் இடத்திலேயே 'கரியர் பிரேக்' என்று ஒரு பகுதியைச் சேர்த்தது. குழந்தை வளர்ப்பு, குடும்பத்தினரைக் கவனித்துக்கொண்டது, உடல்நலம் என்று காரணத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்தில் செய்ததையும் எழுதலாம். இது இருப்பதே பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் எழுதக்கூடிய நான்கு வரியை எழுதிக் காட்டுங்கள். ஹெச்.ஆரில் இருந்தவர் கண்ணுக்கு எந்த வரி உறுத்தும், எது நிற்கவைக்கும் என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். இன்னொரு நாள், நேர்காணலில் 'இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் 30 விநாடியில் பதில் சொல்வது எப்படி என்று பேசி வீடியோ போடுங்கள். படித்த பெண் அதைச் சேமித்து வைத்துக்கொள்வாள். அதே நிலையில் இருக்கும் தோழிக்கு அனுப்புவாள். லைக்கைவிட அந்த அனுப்புதலுக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் உங்களுடைய நான்கு பேரும் வந்த வழியே அதுதான்: ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி.

எழுதுவதற்கு வார்த்தைகளை நீங்கள் தேடவே வேண்டாம், அந்த நான்கு பேரிடமே கேளுங்கள். என்னிடம் வரும் ஒவ்வொருவரும் முதல் பேச்சில் சொல்லும் வாக்கியங்களை, அவர்கள் அனுமதியோடு, அப்படியே ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒருவர் 'என் டீமில் எனக்கு மூத்தவர்களுக்கு நான் எப்படி வேலை சொல்வது?' என்றார். நான் 'தலைமைப் பண்பு' என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினேன். அதற்கு முன் நான் எழுதிய எதற்கும் அத்தனை பேர் பதில் எழுதியதில்லை.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. கிளையன்ட்டிடம் அனுமதி கேட்காமல் அவர் கதையை எழுதாதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். எத்தனை வருட இடைவெளி, என்ன துறை, எத்தனை குழந்தை என்று மூன்று விவரம் போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் சான்றிதழோடு வரும் நெறிமுறையும் ரகசியம் காப்பதை முதன்மையாகச் சொல்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்கி, எழுதியதை அவர்களிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். அப்படிக் கேட்கும்போதே இரண்டு வரி கருத்தும் கேளுங்கள். 'எப்படி இருந்தது?' என்றால் 'ரொம்ப நன்றாக இருந்தது' என்றுதான் வரும். 'என்னிடம் வருவதற்கு முன் என்ன தயக்கம் இருந்தது?' என்று கேட்டால், வரப்போகிறவரின் தயக்கத்துக்கான பதிலும் சேர்ந்தே வரும்.

விளம்பரம் பற்றி. பூஸ்ட் பட்டனில் எந்த இலக்கைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதைச் செய்யக்கூடியவர்களிடம்தான் கொண்டுபோய்க் காட்டும். புரொஃபைலை அதிகம் பேர் பார்க்க வேண்டும் என்றால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கிடைப்பார்கள். கிளையன்ட் கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. நிராகரிக்கப்பட்டதற்கும் காரணம் இருக்கிறது. படிப்பவரின் மனநலம், உடல்நலம், பணநிலை போன்றவற்றைத் தெரிந்ததுபோலப் பேசும் விளம்பரங்களை இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் அனுமதிப்பதில்லை. 'தவிக்கிறீர்களா?' என்ற கேள்வியே அதற்குப் போதும். 'வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கான ரெஸ்யூம் வழிகாட்டி' என்று, கொடுக்கப்போவதைச் சொன்னால் அந்தச் சிக்கல் வராது. தவிர, மனச்சோர்வு கோச்சிங்கில் தீர்க்கிற விஷயமில்லை. அப்படி ஒருவர் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது நம் கடமை. எப்படி இருந்தாலும், காசு கொடுக்காமலே நன்றாக ஓடிய ஒரு போஸ்ட் கையில் கிடைக்கும்வரை விளம்பரத்தில் பணம் போடாதீர்கள்.

அந்த ரெஸ்யூம் வழிகாட்டியைச் செய்துவிடுங்கள். இரண்டு பக்கம் போதும். வேண்டுபவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். ஃபாலோயர்கள் அந்தந்தத் தளத்தின் சொத்து. நாளைக்கு அவர்கள் விதியை மாற்றினால் நாம் எழுதுவது யாரையும் எட்டாது. மின்னஞ்சல் பட்டியல் நம் கையில் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு மடல் எழுதுங்கள், விலகும் வழியைக் கீழே தெளிவாக வையுங்கள். போனில் இருக்கும் எண்களையும் முகவரிகளையும் அள்ளிப் போட்டு அனுப்பாதீர்கள். கேட்காதவர்கள் ஸ்பேம் என்று குறிப்பார்கள். பிறகு கேட்டவர்களுக்கும் உங்கள் மடல் போய்ச் சேராது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும்.

இப்போது முக்கியமான இடம். படித்தார், பிடித்தது, பேச நினைக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். 'டிஎம் செய்யவும்', அதாவது தனிச் செய்தி அனுப்பவும் என்று மட்டும் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்கு முதல் வரி எழுதுவது பலருக்குக் கூச்சமான காரியம். அதற்குப் பதிலாக 30 நிமிட இலவச அழைப்புக்கு நேரம் குறித்துக்கொள்ளும் ஒரு லிங்க் வையுங்கள். அதில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: இப்போது எங்கே இருக்கிறீர்கள், எங்கே போக வேண்டும், இதுவரை என்ன முயன்றீர்கள். அழைப்பில் முதல் 20 நிமிடம் அவர் பேசட்டும். நம் திறமையைக் காட்டும் ஆசையில் முழு கோச்சிங்கையும் அங்கேயே கொடுத்துவிடுவதுண்டு. வந்தவர் திணறிப்போய் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று போய்விடுவார். கடைசியில் எத்தனை அமர்வு, என்ன கட்டணம் என்று தயங்காமல் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியை நிரப்பத் தள்ளுபடி கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஏற்றவர் இல்லை என்றால் அதையும் சொல்லி, வேறு நல்லவரிடம் அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பிவைத்தவர்களில் சிலர் பிறகு வேறு ஆட்களை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

விடாமல் அழைப்பவரைப் பற்றி: உங்களைப் போன்ற கோச் ஒருவர், அவரிடம் படித்து முடித்து ஒரு வருடம் ஆனவர், யாராவது இருந்தால் நேரடியாகப் பேச எண் கேளுங்கள். 'இன்றைக்குள் சேர்ந்தால்தான் இந்தக் கட்டணம்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

ஆறு மாதம் கொடுங்கள் இதற்கு. வாரம் எத்தனை பேர் வழிகாட்டியை வாங்கினார்கள், எத்தனை பேர் அழைப்புக்கு நேரம் குறித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மூன்று எண்ணை மட்டும் எழுதி வாருங்கள். வாங்குகிறார்கள் ஆனால் அழைக்கவில்லை என்றால் மடலைச் சரிசெய்ய வேண்டும். அழைத்துவிட்டுச் சேரவில்லை என்றால் அந்த 30 நிமிடத்தை. ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம்.

ஆரம்பிப்பது இன்றைக்கே நடக்கலாம். அந்த மூன்று பெண்களில் கடைசியாக வந்தவரைக் கூப்பிடுங்கள். 'என்னிடம் வருவதற்கு முந்தைய வாரம் கூகுளில் என்ன தட்டித் தேடினீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த போஸ்ட்டின் தலைப்பு அது.