அம்மா தைத்த போர்வையைச் சுவரில் மாட்டலாமா?

கேள்வி: அம்மா தன்னுடைய பழைய சேலைகளையும் எங்கள் சின்ன வயதுப் பாவாடைத் துணிகளையும் வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துக் கையாலேயே தைத்த போர்வை எங்களிடம் இருக்கிறது. பீரோவிலேயே கிடக்கிறது. ஹாலில் கணப்புக்கு மேலே மாட்ட ஆசை. ஓரத்தில் ஆணி அடித்தால் போதுமா, கண்ணாடிச் சட்டம் போட வேண்டுமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாக மாட்டுங்கள். ஆனால் கணப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம். தீ மூட்டும்போதெல்லாம் சூடும் கரியும் நேராக அங்கேதான் ஏறும். பஞ்சுக்குள் இறங்கிய புகையைத் துவைத்து எடுப்பது பெரும்பாடு; பல நிறச் சேலைகள் சேர்ந்த போர்வையைத் துவைத்தால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் இறங்கவும் செய்யும்.

நான் கோத்தகிரியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். பழைய போர்வையைச் சரிசெய்யக் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் கேட்பது, அது எந்தச் சுவரில் இருந்தது என்றுதான். ஊட்டியில் ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். உங்கள் குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழைதான் வலு. மழை அடிக்கும் வெளிச்சுவர் உள்ளேயும் ஓதம் காக்கும். நீங்கள் நினைக்கும் சுவரில் காலண்டர் தொங்கினால் அதைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் அந்தச் சுவர் ஆகாது. இரண்டு அறைகளுக்கு நடுவே வரும் உள்சுவர் நல்லது. அங்கேயும் போர்வைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள், காற்று போய் வரட்டும்.

இப்போது மாட்டும் முறை. ஆணியோ கிளிப்போ வைத்தால் மொத்த எடையும் அந்த நாலைந்து இடத்தில் இழுக்கும். பழைய சேலைத் துணி அங்கேதான் முதலில் கிழியும். அதற்குப் பதில் பின்பக்கத்தில் துணிக்குழாய் தைத்துக் கம்பி கோர்ப்பதுதான் சரி. ஒன்பது அங்குல அகலத்தில் காடாத் துணி வெட்டிக்கொள்ளுங்கள். கஞ்சி போக அலசிக் காயவைத்த துணியாக இருக்கட்டும். நீளம், போர்வையின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. மடித்துக் குழாயாகத் தைத்தால் நாலு அங்குலம் வரும். அதை மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, இரண்டு நீள விளிம்புகளையும் கையால் நெருக்கமாகத் தையுங்கள். ஊசி பின்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் பிடித்தால் போதும், முன்பக்கம் வரக் கூடாது. குழாயைக் கொஞ்சம் தளர விட்டுத் தைத்தால்தான் கம்பியின் மேடு முன்னால் தெரியாது. அலுமினியத் திரைச்சீலைக் கம்பி போதும். இரும்புக் குழாய் நம் ஈரத்தில் துருப்பிடிக்கும். மரக்கம்பு என்றால், அதிலிருந்து கசியும் அமிலம் நாளாக நாளாகத் துணியைப் பழுப்பாக்கும்.

பட்டுத் துண்டுகள் ஏதாவது இழை பிரிய ஆரம்பித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாட்டாதீர்கள், புழங்காத கட்டிலில் விரித்து வையுங்கள், எடை எங்கும் இழுக்காது.

அப்புறம் வெளிச்சம். குளிராக இருக்கிறதே என்று மலை வெயிலைச் சாதாரணமாக நினைக்கிறோம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். வெளுத்த சாயம் திரும்ப வராது. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதங்களுக்கு. வீட்டில் அவ்வளவு இருட்டு முடியாது. நேர் வெயில் படாத இடமும் பகலில் திரைச்சீலையும் இருந்தால் நல்லது. ஜனவரி முதல் மே வரை மாட்டிவிட்டு மழை மாதங்களில் இறக்கி, தினமும் புழங்கும் அறையின் கட்டிலில் வெள்ளை வேட்டி போர்த்தி வையுங்கள் என்பேன். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பூக்கும். பீரோவில்தான் இடம் என்றால், ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது.

கண்ணாடிச் சட்டம் இவ்வளவு பெரிய போர்வைக்கு வேண்டாம். துணி கண்ணாடியை ஒட்டி நின்றால் பனிக்காலத்தில் உள்ளே வேர்த்து, ஒட்டிய இடமெல்லாம் கறை விழும். தூசிக்குப் பயந்துதான் சட்டம் கேட்கிறீர்கள் என்றால், கொசுவலைத் துண்டை மேலே பிடித்து, வேக்குவத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும்.