கிமோனோ கடையில் தைத்த உடைக்குப் பதில் துணிச்சுருள் இருப்பது ஏன்?

ஜப்பானில் கிமோனோ கடைக்குப் போனால் தைத்த உடையைக் காட்டாமல் பட்டுத் துணிச்சுருளை விரிக்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய முறைக் கடைகளில் அதுதான் வழக்கம். அந்தச் சுருளின் பெயர் தன்மோனோ. அகலம் சுமார் 38 சென்டிமீட்டர்தான், நீளமோ சுமார் 12 மீட்டர். ஒரு சுருளில் ஒரு கிமோனோ. நேர்கோடுகளாக எட்டுத் துண்டு வெட்டி, உங்கள் அளவுக்குக் கையால் தைப்பார்கள். மிச்சத் துணியையும் வெட்டி எறியாமல் தையலுக்குள் மடித்து வைத்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்: தையலைப் பிரித்துத் துண்டுகளை வரிசையாக இணைத்தால் மறுபடி நீளத் துணி. அலசி, கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டிக் காயவைத்து, அம்மாவின் கிமோனோவை மகளுக்குத் தைக்கலாம்.

கிமோனோவின் விலை ஏன் அவ்வளவு அதிகம்? கியோட்டோ நகரின் யூசென் என்ற சாயமிடும் முறையில் பூக்கள் தீட்டிய பட்டுத் துணியைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு இதழைச் சுற்றியும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பசையரிசிக் களியைக் கூம்பிலிருந்து பிழிந்து போட்ட கோடு அது. சாயம் அடுத்த இதழுக்குப் பரவாமல் தடுக்கும். தூரிகையால் வண்ணம் தீட்டி, ஆவியில் வேகவைத்து, நீரில் அலசினால் களி போய்விடும், கோடு நிற்கும்.

அப்புறம், இன்றைய மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியும் 1673இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், எச்சிகோயா என்ற பட்டுத் துணிக்கடையாகத் தொடங்கியதுதான்.