உறுதியில் 10 பேர்ச்சஸ், திரையில் 9.2: காணி எல்லை கேள்வி-பதில்

வெள்ளவத்தையில் எங்கள் காணி உறுதியில் 10 பேர்ச்சஸ். கூகுள் எர்த்தில் மூலைகளைத் தொட்டு வரைந்தால் 9.2 என்று வருகிறது. பக்கத்து வீட்டார் மதிலைத் தள்ளிக் கட்டிவிட்டார்களா?

சண்டைக்குப் போக முன்னம் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. சதுரமான 10 பேர்ச்சஸ் காணியின் ஒரு பக்கம் 52 அடி சொச்சம். நாலு பக்கமும் ஓரடி உள்ளே தள்ளிப் புள்ளி வைத்தால் பக்கம் 50 அடியாகும், பரப்பு கிட்டத்தட்ட 9.2 பேர்ச்சஸ்! திரையில் ஓரடி என்பது விரல் நுனி அளவுகூட இல்லை.

மதிலோரம் மாமரம் நின்றால் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாடி வீடென்றால் இன்னொரு சிக்கல்: செய்மதி சரிவாகப் பார்த்து எடுத்த படத்தில் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். நீங்கள் தொட்டது கூரை விளிம்பாக இருக்கும், மதிலின் அடி வேறிடத்தில் இருக்கும். பழைய திகதிப் படங்களையும் திறந்து அதே மூலையைப் பாருங்கள், கோடு தானாகவே நகர்ந்திருக்கும். மதில் நகர்ந்ததா என்று அறிய, நில அளவைப் படத்தில் எழுதியிருக்கும் பக்க நீளங்களை நாடாவால் அளந்து ஒப்பிடுவதே முதல் வேலை.

போனைப் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்தால் சரியாக வருமா? (தெஹிவளை)

வராது. வெட்டவெளியிலேயே சாதாரண போன் 5 மீட்டர் அளவுக்குத் தவறும். அது 16 அடி, உங்கள் ஒழுங்கையின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் அடுக்குமாடி நின்றால் இன்னும் மோசம்.

பிளானில் 400000, 490000 என்ற மாதிரி எண்கள் இருக்கின்றன. செயலியில் போட்டால் ஏற்கவில்லை.

அவை அகலாங்கு, நெட்டாங்கு அல்ல. இலங்கையின் 1999 ஆம் ஆண்டுக் கட்டமைப்பில் மீட்டரில் எழுதிய ஆள்கூறுகள். பீதுருதலாகல மலையை 500000, 500000 என்று வைத்துக்கொண்டு எண்ணுவதால், கொழும்பு மேற்கே 100 கிலோமீட்டர் தள்ளி 400000 பக்கம் விழுகிறது. கியூஜிஐஎஸ் (QGIS) போன்ற வரைபட மென்பொருளில் 5235 என்ற குறியீட்டைத் தெரிவு செய்தால் மாற்றித் தரும். பழைய பிளான்களில் அதே மலையை 200000, 200000 என்று வைத்து எண்ணியிருப்பார்கள், அதற்குக் குறியீடு 5234. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

மாற்றியதும் 6.9, 79.8 என்ற மாதிரி வரும். முன்பின்னாகப் போட்டீர்களானால் உங்கள் காணி ஆர்க்டிக் கடலில் மிதக்கும். ஒருவர் அப்படி அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் காணி 2 பரப்பு. செயலி சதுர மீட்டரில் காட்டுகிறது.

ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அதாவது 18 குழி. உங்களுடையது 20 பேர்ச்சஸ், ஏறத்தாழ 506 சதுர மீட்டர்.

நான் வரைந்த படத்தை உறுதியோடு இணைக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

முடியாது. 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி பதிவு பெற்ற அளவையாளர் அளந்து கையொப்பமிட்ட பிளான்தான் நொத்தாரிசிடம் செல்லும். ஆனாலும் வரைந்ததை எறிந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தத் துண்டு யாருடையது என்று காட்ட அதைவிட வசதி இல்லை. அளவையாளர் வரும் நாளில் அதையும் பழைய பிளானையும் கையில் கொடுங்கள், எல்லைக்கல் தேடும் நேரம் மிச்சமாகும். உங்கள் பகுதியிலேயே ஒரு வீட்டில் முற்பகல் முழுக்கத் தேடினோம். கடைசியில் அந்த வீட்டு அம்மா துளசித் தொட்டியை நகர்த்தினார், கல் அதன் அடியில் இருந்தது.