கேள்வி பதில்: புரதம் போகிற வழி

கேள்வி: ‘ரைபோசோமில் உருவாகும் புரதங்கள் செல்லின் பல பகுதிகளுக்குக் கடத்தப்படுகின்றன’ என்று எங்கள் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கே போகவேண்டும் என்று ஒரு புரதத்துக்கு எப்படித் தெரியும்? நடுவில் சவ்வு இருக்கிறதே, அதை எப்படித் தாண்டுகிறது? அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். நம்ம ஊர் உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, குலசேகரம்

பதில்: உங்கள் அப்பா வெட்டுகிற பாலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மரப்பட்டைக்குள் குழாய் போல ஒன்றோடொன்று இணைந்த செல்கள் உண்டு. அவற்றின் உள்ளே இருக்கிற திரவம்தான் வெட்டும்போது வடிகிற பால். அதில் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு என்கிற சவ்வுப் பைகளும் மிதக்கின்றன, அந்தப் பைகளுக்குள் ஹெவீன் என்ற சின்னப் புரதம், வெறும் 43 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான், அடைபட்டுக் கிடக்கிறது. வெட்டு விழுந்ததும் பைகள் உடைந்து ஹெவீன் வெளியே வருகிறது, ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, குழாய் வாய் அடைபடுகிறது, சிரட்டையில் பால் சொட்டுவது மெல்ல நிற்கிறது. (கையுறை போட்டால் சிலருக்குத் தோல் தடிக்கிறதே, அதற்குக் காரணமான புரதங்களில் இதுவும் ஒன்று.) இப்படித் துகள்களை ஒட்டவைக்கிற புரதம் எந்நேரமும் பாலில் கலந்து கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது பைக்குள் இருந்தே ஆகவேண்டும்.

சரி, பைக்குள் எப்படிப் போனது? ஹெவீன் முதலில் உருவாகும்போது அதன் முன்பக்கம் 17 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கும். இதுதான் சமிக்ஞைத் தொடர். பொதுவாக இது 15 முதல் 30 அமினோ அமில நீளம், நடுப்பகுதி தண்ணீரோடு சேராத வகை. ரைபோசோமிலிருந்து இந்தத் துண்டு தலைநீட்டியதுமே, இந்தச் சமிக்ஞையை அடையாளம் காணும் எஸ்.ஆர்.பி. என்ற துகள் வந்து பிடித்துக்கொள்கிறது, உற்பத்தி கொஞ்சம் மெதுவாகிறது, ரைபோசோமை அப்படியே எண்டோபிளாச வலைப்பின்னல் என்கிற, செல்லுக்குள் பரவிக்கிடக்கும் பைகள், குழாய்களின் சவ்வுக்குக் கூட்டிப்போய் அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்திடம் சேர்க்கிறது. சவ்வில் செக்61 என்ற புரதத்தால் ஆன துளை ஒன்று உண்டு. ரைபோசோம் அதன் வாயில் உட்கார்ந்துகொள்ள, இடியாப்ப அச்சில் மாவு பிழியப் பிழிய நூல் கீழே இறங்குகிற மாதிரி, புரதம் நீள நீள மறுபக்கம் இறங்குகிறது. உள்ளே ஒரு நொதி முன்துண்டை நறுக்கிவிடும். அப்புறம் நூல் தன் வடிவத்துக்கு மடிவது, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற பகுதி, சவ்வுக் குமிழ்களில் பயணம் என்று பை வரை மீதி வழி தொடர்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செல் ஆய்வாளர்களான குந்தர் புளோபெலும் டேவிட் சபாட்டினியும் 1971இல் இதை ஒரு ஊகமாகத்தான் சொன்னார்கள். 1975இல் புளோபெலும் பெர்ன்ஹார்ட் டோபர்ஸ்டைனும் சோதனைக் குழாயில் புரதத்தை உருவாக்கி, நாயின் கணையத்திலிருந்து எடுத்த சவ்வுப் பைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புரதம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே சவ்வைச் சேர்த்தால் அது உள்ளே போனது, முன்துண்டும் வெட்டுப்பட்டது. உருவாகி முடிந்தபின் சேர்த்தால் உள்ளே போகவே இல்லை. உற்பத்தியும் கடத்தலும் ஒரே நேரத்தில் நடக்கிற வேலை என்பது இவ்வளவு எளிமையாகத் தெரிந்துவிட்டது! புளோபெலுக்கு 1999இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: எல்லாப் புரதமும் இதே வழியில்தான் போகிறதா? இடம் மாறிப் போனால் நோய் வருமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வழிகள் பல. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டி.என்.ஏ.வைக் கொண்டு மனிதரில் 13 புரதங்களை மட்டுமே உருவாக்குகிறது, மற்ற எல்லாம் வெளியே தயாராகி உள்ளே வருபவை, அவை மடியாமல் நூலாக இருந்தால்தான் நுழைய முடியும். பெராக்ஸிசோம் என்ற நுண்ணுறுப்போ, மடிந்து முடிந்த புரதத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

இந்த வித்தியாசம் ஒரு நோயில் விளையாடுகிறது. கல்லீரலில் ஏ.ஜி.டி. என்ற நொதி பெராக்ஸிசோமுக்குப் போகவேண்டும். சிலருக்குப் பரம்பரையாக அதில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வரும். ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்கான சமிக்ஞை போன்ற ஒன்றை உண்டாக்குகிறது, மற்றது மடிப்பைத் தாமதமாக்குகிறது. மடியாமல் இருக்கும் அந்த நேரத்துக்குள் மைட்டோகாண்ட்ரியா நொதியை உள்ளே இழுத்துவிடும். நொதி நல்ல நொதிதான், வேலை செய்யவும் செய்கிறது, ஆனால் அதற்கு வேலை இருக்கிற இடத்தில் அது இல்லை. ஆக்ஸலேட் என்ற கழிவுப்பொருள் சேர்ந்து சிறுவயதிலேயே சிறுநீரகக் கல் வரும், சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். இந்த வகை மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 உதவுகிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது அரிய நோய். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் வருகிற கல்லை இதோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சின்னக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கல் வந்தால் சிறுநீரக மருத்துவரிடம் இந்த நோயைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: நறுக்கிப் போட்ட முன்துண்டு என்ன ஆகும்?
– ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: பெரும்பாலும் சிதைந்து அமினோ அமிலங்களாகி மறுபடி பயன்படும். ஆனால் செல்லின் மேல் அடையாள அட்டை போல நிற்கும் எச்.எல்.ஏ. புரதங்களின் முன்துண்டு விஷயம் வேறு. அதிலிருந்து 9 அமினோ அமிலத் துணுக்கு ஒன்று எச்.எல்.ஏ.-இ என்ற புரதத்தின் மேல் ஏறி செல்லின் வெளிப்புறத்துக்கு வருகிறது. நோய் எதிர்ப்புப் படையின் கொல்லி செல்கள் அதைப் பார்த்தால் இந்த செல் ஒழுங்காக இருக்கிறது என்று விட்டுவிடும். ஒரு வைரஸ் எச்.எல்.ஏ. உற்பத்தியை முடக்கினால் துணுக்கு வருவதும் நின்றுபோகும், அந்த செல் கொல்லி செல்களிடம் மாட்டிக்கொள்ளும். சைட்டோமெகலோ வைரஸ் இதற்கும் வழி வைத்திருக்கிறது. தன் புரதம் ஒன்றின் முன்துண்டிலேயே அதே 9 அமினோ அமிலங்களை வைத்து, துணுக்கைத் தானே வழங்கிவிடுகிறது.