செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் அடிக்கடி நீலத்திரை, ஒவ்வொரு முறையும் வேறு எரர். விண்டோஸை மறுபடி போட்டும் சரியாகவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

எரர் மாறி மாறி வருகிறது, விண்டோஸைப் புதிதாகப் போட்டும் போகவில்லை என்றால் என் சந்தேகம் முதலில் ரேம் (தற்காலிக நினைவகம்) மீதுதான் போகும்.

டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கோளாறு பெரும்பாலும் ஒரே எரரைத் திரும்பத் திரும்பக் காட்டும். சில சமயம் எந்தக் கோப்பால் வந்தது என்று நீலத்திரையிலேயே பெயரும் போடும். கெட்ட ரேமுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட், இன்னொரு நாள் நீலத்திரையே வராமல் பிரவுசர் மட்டும் மூடிக்கொள்ளும். பழுதான இடத்தில் எது போய் உட்காருகிறதோ அது விழும். அதனால் ஒவ்வொரு எரர் பெயரையும் கூகுளில் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி சோதனை 'பிரச்சினை இல்லை' என்று சொன்னாலும் அதோடு விட வேண்டாம், சில பழுதுகள் அதில் சிக்காது. மெம்டெஸ்ட்86இல் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருந்தால் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துவிட்டு, லேப்டாப்பைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அவகாசம் முடிந்துவிட்டதா? சரி, திறந்து பார்த்துவிடலாம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் கழற்றிய பிறகே கை வையுங்கள். நான் பார்த்துக் கொடுத்த ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டு ரேமும் வேறு வேறு கம்பெனி. ஒன்றின் ஸ்டிக்கரில் வேகம் 2400, மற்றதில் 2666. இப்படிக் கலந்து போடுவது தப்பில்லை, பொதுவாக இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். ஆனால் அதில் ஒன்று பழுது. ஒவ்வொன்றாகத் தனியே போட்டுச் சோதித்ததில் அகப்பட்டது. அதே ரேமை அடுத்த ஸ்லாட்டிலும் மாற்றிப் பார்க்க வேண்டும், ஸ்லாட்டே கெட்டிருக்கலாம். சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். அதற்கு வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

ரேம் நல்லபடியாக இருந்தால் அப்புறம் டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), கரண்ட் பென்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறும் இடங்கள்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டாவது ஏறியிருந்தால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் கோப்புகளைக் காப்பி எடுங்கள். அதே திரையில் பவர் ஆன் அவர்ஸ் என்று, டிஸ்க் மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதைக் காட்டும் ஒரு வரி இருக்கும். 'சும்மா வீட்டில்தான் கிடந்தது' என்று சொன்னவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்! டிஸ்க் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் அந்த எண் லேப்டாப்பின் வயதைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீலத்திரையே இல்லாமல் பொசுக்கென்று அணைந்தால் அது வேறு வழக்கு: சூடு, பேட்டரி அல்லது சார்ஜர். ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வருவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை.

விண்டோஸின் கெட்ட கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். ரேம் சரியாகும் வரை அதைத் தொடாதீர்கள். கெட்ட ரேம் வழியாகச் சரிசெய்யும் கோப்பும் கெட்டுத்தான் எழுதப்படலாம். நீங்கள் புதிதாகப் போட்ட விண்டோஸும் அந்த ரேமைத் தாண்டித்தான் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. எனவே ரேமை மாற்றியதும் விண்டோஸை இன்னொரு முறை போட்டுவிடுங்கள். விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டைச் சார்ந்தது என்பதால் ரேம் மாற்றியதற்காக ஆக்டிவேஷன் போகாது.